அடையாளம் சொல்லுங்க

மனிதர்கள் பேருந்தில் எதையெல்லாம் விட்டுவிட்டு இறங்குவார்கள் என்று என் சித்தியிடம் கேட்டால் போதும், கையில் வைத்திருக்கும் தேநீர் ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள். குடை, மூக்குக்கண்ணாடி, புதுத்துணிப் பொட்டலம், பள்ளிக்கூடப் பை, பல்செட்டு, ஒற்றைச் செருப்பு. பல்செட்டைக்கூட ஒப்புக்கொள்ளலாம். ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஒரு ஆள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பது மட்டும் எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

சித்தி நகரப் பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் அறையில் வேலை பார்த்தாள். இப்போது அவள் இல்லை. சித்தப்பாவும் இல்லை. நான்தான் எப்போதாவது அந்தப் பக்கம் போனால் அந்த அறையின் சன்னல் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன். உள்ளே யாரோ ஒரு பெண் கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். "என்ன தொலைச்சீங்க?" என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் சீக்கிரமே நகர்ந்துவிடுவேன்.

சித்தி இருந்த நாளில் அந்த அறையில் மூன்று சுவரிலும் இரும்பு அலமாரிகள். மழைக்காலம் முடிந்து எத்தனையோ நாள் ஆனாலும் ஈரக் குடை வாசனை போகாது. தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, சுற்றுவதைவிட முனகுவது அதிகம். முன்னால் பலகை வைத்த சன்னல், அதற்குப் பின்னால் சித்தி. அவளுக்கென்று ஒரு கறாரான முறை இருந்தது. பொருளை முதலில் காட்டவே மாட்டாள்.

"அடையாளம் சொல்லுங்க" என்பாள்.

"கறுப்புக் குடைங்க."

"கறுப்புக் குடை உள்ள குமிஞ்சு கெடக்கு. அதுல உங்க குடை எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு சொல்லுங்க."

வந்தவர் தலையைச் சொறிவார். சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசிப்பார். திடீரென்று முகம் மலரும். "கைப்பிடியில எம் பொண்ணு கடிச்ச பல் தடம் இருக்கும்ங்க. அப்ப அவளுக்குப் பல்லு மொளைக்கிற நேரம்." சித்தி உள்ளே போய் எடுத்துவந்து பலகை மேல் வைத்து, "இதுதானா? நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்பாள். தலையை ஆட்டினால் தரமாட்டாள். வாயைத் திறந்து "இதுதான்" என்று சொல்லவேண்டும். அவசரத்தில் தலை எதற்கு வேண்டுமானாலும் ஆடிவிடும், வாய் அப்படியில்லை என்பது அவள் கட்சி.

ஒருமுறை ஒரு பெரியவர் தேடிவந்த குடை கிடைக்கவில்லை. பாவம் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு புதுக் குடையை நீட்டியிருக்கிறார். பெரியவர் அதை விரித்துப் பார்த்து, மடக்கி, "நல்ல குடைதாங்க. ஆனா என்னுது இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே போய்விட்டாராம். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சித்தி அந்தப் பெரியவருக்காக எழுந்து நின்று கும்பிடாத குறைதான்.

சித்தப்பா அதே நிலையத்தில் ஓட்டுநர். வண்டியில் கிடப்பதை நடத்துநர்தான் எடுத்துவந்து ஒப்படைப்பது வழக்கம். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் சித்தப்பா மட்டும் தானே கொண்டுவந்து சன்னலில் வைப்பாராம். ஒரு நாள் சட்டைப் பொத்தான். இன்னொரு நாள் அரைப் பென்சில். அப்புறம் உறைகூடப் பிரிக்காத ஒரு சீப்பு. "உன் வண்டியில ஏறுறவங்களுக்கு மட்டும் எப்படிப்பா இவ்வளவு மறதி?" என்று நிலையமே கேலி செய்திருக்கிறது. சீப்பைப் பார்த்த சித்தி, "இதைத் தொலைச்சவங்க எப்படி இருப்பாங்க, அடையாளம் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். சித்தப்பா காது சிவக்க நின்றாராம். அந்தச் சீப்பு பல் இரண்டு போய் கடைசிவரை எங்கள் வீட்டுக் கண்ணாடிக்குக் கீழே கிடந்தது.

அதுதான் அவர் செய்த அதிகபட்சக் காதல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்ற பயம் அவருக்கு. சோறு வேண்டுமா என்றால் "ம்." போதுமா என்றாலும் "ம்." இரண்டு "ம்"முக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சித்திக்குக் கல்யாணமாகி வெகுநாள் ஆனதாம். எனக்கு அந்த ஊரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்து அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியேறியபோது, முதல் மாதம் முழுக்க அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவருடைய முதல் வண்டி எங்கள் தெருமுனை வழியாகப் போகும். நானும் சித்தியும் அதில்தான் ஏறுவோம். முன்வரிசையில், ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் நடைவழியை ஒட்டிய இருக்கை சித்திக்கு என்று எழுதி வைக்காத குறை. உட்கார்ந்ததும் கம்பியில் தலையைச் சாய்த்து நிலையம் வரும்வரை தூங்குவாள். "வீட்டுல தூங்குற தூக்கம் ஒடம்புக்கு. இந்தத் தூக்கம் மனசுக்கு" என்பாள். ஏறும்போதும் இறங்கும்போதும் அவரும் அவளும் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

இனி அவள் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தியின் மேல் இமைத் தோல் மூக்கோரத்தில் கொஞ்சம் கீழே இறங்கி, கண்ணின் உள்மூலையைத் திரை போட்டதுபோல் மூடியிருக்கும். நம் எல்லோருக்கும் அந்த மூலையில் சின்னதாய்ச் சிவப்புச் சதை தெரியுமே, அவளுக்கு அது தெரியாது. அதனால் எப்போது பார்த்தாலும் அப்போதுதான் தூங்கி எழுந்தவள்போல் ஒரு களை. எங்கள் தாத்தாவுக்கும் அதே கண். "எங்கிட்ட இருந்த நல்ல பொருளை இவதான் தூக்கிட்டு வந்துட்டா" என்று அவர் பீற்றிக்கொள்வாராம். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் "தூக்கம்" என்று பட்டப்பெயர். "ஏ தூக்கம், இங்க வா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் சொந்தப் பெயரை வாத்தியார்களே மறந்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள், "பொண்ணு களைச்சுப் போயிருக்கு, கொஞ்சம் உக்கார வைங்க" என்றார்கள். சித்தி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். நானும் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் கைப்பெட்டியைத் தொலைத்த ஒரு ஆள் வந்தார். அடையாளம் எதுவும் சொல்லத் தெரியவில்லை. "பெட்டின்னா பெட்டிதான், எடுத்துக் குடும்மா" என்று சத்தம் போட்டார். சித்தி கொடுக்கவில்லை. அவர் நேராக மேலதிகாரியிடம் போய், அந்தப் பெண் தூங்கிக்கொண்டே பேசுகிறாள் என்று புகார் சொல்லிவிட்டார். அதிகாரி புதிதாக வந்தவர். சித்தியைக் கூப்பிட்டு, "வேலை நேரத்துல தூங்காதீங்கம்மா" என்றார்.

"நான் தூங்கல சார். என் கண்ணே இப்படித்தான்."

"அப்ப கொஞ்சம் நல்லாத் திறந்து வைங்க."

பத்துப் பேர் முன்னால் நடந்தது இது. அன்று வீட்டுக்கு வந்து சித்தி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு அழகு மருத்துவமனை இருந்தது. வாசலில் பெரிய பெரிய கண்களாய் ஒரு பலகை. அதற்கு முன்னால் அவள் நின்றிருந்ததை நான் இரண்டொரு முறை பார்த்ததுண்டு. பலகையில் இருந்த கண்கள் எல்லாம் திருதிருவென்று முழித்தன, அது அழகு என்று அவர்கள் சொன்னார்கள்.

"கண்ணு ஓரத்தைக் கொஞ்சம் திறந்து விடுவாங்களாம். சின்ன வேலைதானாம்" என்று சாப்பிடும்போது சித்தி சொன்னாள். சொல்லிவிட்டுச் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா தட்டைப் பார்த்தபடி, "உன் இஷ்டம்" என்றார்.

அவ்வளவுதான். அவர் போனபிறகு சித்தி என்னிடம், "பாத்தியாடி. என் மூஞ்சி எப்படி இருந்தா என்ன இவருக்கு? வீட்டுச் சுவர்ல சுண்ணாம்பு அடிக்கணும்னாகூட என்ன நிறம்னு ஒரு வார்த்தை கேப்பாரு" என்றாள். எனக்கும் அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடுத்த வாரமே அவள் போய்ச் செய்துகொண்டு வந்தாள்.

வீக்கம் வடிந்தபிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் திறப்பதாகச் சொன்னவர்கள் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். உள்மூலை மூக்கை நோக்கிக் கூராக இழுத்து, சிவப்புச் சதை முழுசாக வெளியே தெரிந்தது. இரண்டு பக்கமும் மூக்கோரத்தில் வெள்ளையாய்த் தழும்பு. இரு கண்களும் நெருங்கி வந்துவிட்டதுபோல் ஒரு தோற்றம். சிரித்தாலும் முறைப்பதுபோலவே இருந்தது. அந்த மருத்துவமனைக்காரர்களிடம் போய்க் கேட்டால், "பழகிடும்" என்றார்கள். யாருக்குப் பழகவேண்டும் என்று சொல்லவில்லை.

தொலைந்த பொருள் அறையில் கதையே தலைகீழாகிவிட்டது. "அடையாளம் சொல்லுங்க" என்று சித்தி வழக்கம்போலத்தான் கேட்டாள். வந்தவர்களோ போலீஸ் விசாரணையில் மாட்டியவர்களாய் உளறினார்கள். சொந்தக் குடையைக் கேட்டு வந்த ஒருவர், அவள் நிமிர்ந்து பார்த்ததும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்று, "இல்லைங்க, ஒருவேளை நான் குடையே எடுத்துட்டு வரலையோ என்னமோ" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார். இதைச் சொல்லி வீட்டில் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சித்தியும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவள் முகம் வேறாகிவிட்டது.

"கண்ணாடியில பாத்தா யாரோ எட்டிப் பாக்குறாடி" என்றாள். "எங்கப்பாவைக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுட்டு வந்துட்டேன்."

வண்டியில் முன்வரிசை இருக்கையில் உட்காருவதையும் அவள் நிறுத்திவிட்டாள். ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ளே பார்க்கும் ஒரு நீளக் கண்ணாடி இருக்குமே, அந்த இருக்கையில் உட்கார்ந்தால் அதில் தன் முகமே தெரிகிறது என்றாள். பின்னால் போய் சன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். தூங்குவதும் போயிற்று. சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. அந்த இருக்கையில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டார். யாராவது உட்காரப் போனால் பையையும் எடுக்கமாட்டார், பதிலும் சொல்லமாட்டார். நல்ல ஓட்டுநர் என்ற பெயரை அந்த ஒரு பை கெடுத்தது.

பெரிய மருத்துவமனையில் ஒரு அம்மா இருக்கிறார், மற்றவர்கள் கெடுத்துவைத்த கண்களைத் திருத்துவதுதான் அவர் வேலையே என்று பள்ளியில் ஒரு ஆசிரியை சொன்னார். நான்தான் சித்தியை அழைத்துப் போனேன். நரைத்த தலையும் கனத்த குரலுமாக அந்த மருத்துவர் சித்தியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கோரத் தோலை நுனிவிரலால் கண்ணின் பக்கம் தள்ளிப் பார்த்தார்.

"முதல்ல தழும்பு இளகணும். ஒரு வருஷம் போகட்டும். தினம் தேய்ச்சு விடுங்க. அப்புறம் மூடலாம்" என்றார். "ஆனா ஒண்ணு. இங்க மிச்சம் இருக்குற தோல் கொஞ்சம்தான். ஒரு தடவை எடுத்து மடிச்சு மூடலாம். அது தப்பாப் போனா மறுபடி எடுக்க ஒண்ணும் இருக்காது. அதனால முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியணும். பழைய போட்டோ கொண்டு வாங்க. நேராப் பாத்து எடுத்ததா இருக்கணும்."

அந்த ஒரு வருஷமும் சித்தி காலையிலும் மாலையிலும் களிம்பு வைத்து மூக்கோரத்தைத் தேய்த்தாள். அடுப்பில் உலை கொதிக்கும்போதும் தேய்த்தாள், வானொலி கேட்கும்போதும் தேய்த்தாள். போட்டோவுக்கு என்ன, பெட்டி நிறைய இருக்கிறது என்று நாங்கள் அலட்சியமாக இருந்தோம். பெட்டியை இறக்கிப் பிரித்த அன்றுதான் தலையில் இடி இறங்கியது.

சின்ன வயதிலிருந்தே சித்தி போட்டோ என்றால் மூச்சைப் பிடித்து, புருவத்தைத் தூக்கி, கண்ணை உருட்டி விழித்துக்கொண்டு நிற்பாளாம். தூங்குமூஞ்சி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. ஆறாம் வகுப்பிலும் அப்படித்தான், கல்யாணத்திலும் அப்படித்தான். மாலையும் கழுத்துமாகப் பேயைக் கண்டவள்போல் நிற்கிறாள், பக்கத்தில் சித்தப்பா பேயை இன்னும் பார்க்காதவர்போல் நிற்கிறார். சிரித்த படங்கள் சில இருந்தன, அவற்றில் கண்ணே இல்லை, இரண்டு கோடுதான். தாத்தாவின் படம் ஒன்று இருக்கிறதே என்று ஆவலாய் எடுத்தோம். அவர் கண்ணாடி போட்டிருந்தார். இரண்டு கண்ணிலும் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று இரண்டு வட்டம்.

ஊரிலிருந்த என் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "தூங்குற மாதிரி இருக்கும்டி. வேற என்ன?" என்றாள் அக்காக்காரி. நானும் யோசித்துப் பார்த்தேன். தினம் பார்த்த கண், கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சித்தி படங்களை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "ஊர்ல இருக்குறவங்க எல்லார்கிட்டயும் அடையாளம் கேட்டேன். என் கண்ணுக்கு என்ன அடையாளம்னு எனக்குத் தெரியல பாரு" என்றாள். "புடிக்காத கண்ணை நான் எங்கடி பாத்தேன்?"

"சித்தப்பாகிட்ட கேப்போமா?"

"அவரா? அவர் என் மூஞ்சிய நிமிந்து பாத்தே எவ்வளவு காலமாச்சோ" என்று படங்களைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

அறுவைக்கு முன்னால் கண்ணோரத்தில் பேனாவால் கோடு போட்டு அளவெடுக்கும் நாள் வந்தது. மருத்துவர் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே போட்டோ கதையைப் புரிந்துகொண்டார்.

"பரவாயில்லம்மா. பொதுவா அழகா இருக்குற அளவுல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடி விடுறேன். நல்லாவே இருக்கும்."

சித்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கும் டாக்டர். ஆனா என்னுதா இருக்காதே. எனக்கு அழகு வேணாம். என்னுது வேணும்." எனக்கு அந்தக் குடைப் பெரியவர் ஞாபகம் வந்தது.

மருத்துவர் பேனாவை மூடினார். பிறகு, கதவோரம் வாகன நிறுத்தத்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சித்தப்பாவைப் பார்த்தார். எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தார் அவர், அவ்வளவுதான்.

"நீங்க வீட்டுக்காரரா? உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"ம்" என்றார் சித்தப்பா.

நானும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இது எந்த "ம்" என்று அவளுக்கே தெரியவில்லை.

சித்தப்பா மெதுவாக முன்னால் வந்து சித்திக்கு எதிரே நின்றார். அவருக்குப் பேச்சு வராது, விரல்தான் வந்தது. "ரெண்டும் ஒண்ணா இருக்காது டாக்டர். இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எறங்கி மூடியிருக்கும். சிரிச்சா செவப்பு தெரியவே தெரியாது. அந்தப் பக்கம் ஒரு கடுகளவு தெரியும். தூக்கம் வந்தா இந்தக் கண்ணுதான் முதல்ல மூடும். அது மூடினப்புறம் அந்தக் கண்ணு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருக்கும். அப்புறம் அதுவும் மூடிடும்."

அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து நான் கேட்டதில்லை. சித்தி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் "அட" என்று சொல்லி, சித்தப்பா காட்டியபடியே கோடு போட்டார். வலக் கண்ணில் பெரிதாக, இடக் கண்ணில் சிறிதாக. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இப்படித்தான் மூடப் போறேன். பாருங்க" என்று மருத்துவர் ஒரு கைக்கண்ணாடியைச் சித்தியிடம் கொடுத்தார். சித்தி அதைத் தூக்கிப் பிடித்தாள். சித்தப்பாவும் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து, தோளுக்கு மேலாகக் கண்ணாடிக்குள் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டர், நிறுத்துங்க. மாறிப் போச்சு."

"என்ன மாறிப் போச்சு?"

"பக்கம் மாறிப் போச்சு. இது இல்ல. அந்தக் கண்ணு." கண்ணாடிக்குள் தெரிந்த இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம்தான் இருக்கும். எப்பவும் இந்தப் பக்கம்தான்."

மருத்துவர் பொறுமையாக, "இப்பதானே நேரா நின்னு அந்தக் கண்ணைக் காட்டினீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுல தப்பு வந்தா திருத்த முடியாது" என்றார்.

சித்தப்பா சித்தியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேராப் பாத்து எனக்குப் பழக்கமில்ல டாக்டர். நான் வண்டி ஓட்டுறவன். அவ முன் சீட்டுல உக்காந்து தூங்கிட்டு வருவா. தலைக்கு மேல இருக்குற கண்ணாடியிலதான் பாப்பேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து அதுலதான் பாத்தேன். கண்ணாடியில இந்தப் பக்கம் இருக்குறதுதான் முதல்ல மூடும்."

அவர் எதிரே நின்றபோது, கண்ணாடியில் பார்த்துப் பழகிய நினைப்பில் தன் இடக்கைப் பக்கம் இருந்த கண்ணைக் காட்டிவிட்டார், அது சித்தியின் வலக் கண். பின்னால் வந்து கண்ணாடிக்குள் பார்த்தபோதுதான் அவர் பார்த்த பழைய சித்தி சரியான பக்கத்துக்கு வந்தாள். மருத்துவர் விவரத்தைப் புரிந்துகொண்டு, பஞ்சை நனைத்துக் கோடுகளைத் துடைத்தார். இடக் கண்ணில் பெரிதாக, வலக் கண்ணில் சிறிதாக மறுபடியும் வரைந்தார். சித்தப்பா பின்னாலேயே நின்று கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழ... ம்... போதும்" என்று வழிசொன்னார், நெருக்கமான இடத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுப்பவர்களுக்குச் சொல்வதுபோல்.

சித்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மருத்துவர் வரைந்த கோட்டை அழித்தது. "அம்மா, அழுதீங்கன்னா நான் சாயங்காலம் வரைக்கும் வரைஞ்சுக்கிட்டே இருக்கணும்" என்றார் மருத்துவர். அவர் குரலும் சரியாக இல்லை.

வெளியே வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் சித்தப்பா, வண்டி நிறைய சனங்களை வச்சுக்கிட்டு ரோட்டைப் பாக்காம இதைத்தான் பாத்துக்கிட்டு வந்தீங்களா?"

"சிக்னல்ல நிக்கும்போதுதான்" என்றார், காது சிவக்க.

"அப்ப அன்னைக்கு உன் இஷ்டம்னு ஏன் சொன்னீங்க?" என்று சித்தி கேட்டாள். கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். "நீ அழுதுக்கிட்டு இருந்தே. எனக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னா, எனக்காக அந்தக் கண்ணோட இருந்து இன்னும் அழுவியேன்னு நெனச்சேன்."

அவர்மேல் நான் பட்ட ஆத்திரமெல்லாம் அந்த மருத்துவமனை வாசலிலேயே போயிற்று. மனிதர்களை எனக்குப் படிக்கத் தெரியும் என்று அதுவரை ஒரு கர்வம் இருந்தது, அதுவும் கூடவே போயிற்று.

அறுவை முடிந்தது. விழித்திருக்கும்போதே மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள். "ஊசிதான் வலி. அப்புறம் பக்கத்து வீட்டுல யாரோ துணி தைக்குற மாதிரி இருந்துச்சு" என்றாள் சித்தி. தையல் பிரித்தபோது ஓரமெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது. சிவப்பு மங்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் நல்லது கெட்டது எதுவும் முடிவு கட்டாதீர்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். சித்தி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள், வண்டியில் பின்னாலேயே உட்கார்ந்தாள். வீட்டில் சித்தப்பா அவள் முகத்தைப் பார்க்க வந்தால் தலையணையால் மூடிக்கொண்டாள். "இன்னும் ஆகல. ஆனப்புறம் காட்டுறேன்" என்பாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல் அவள் பயந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை. மழை விட்டுத் தெருவெல்லாம் ஈரமாக இருந்தது. வண்டி வந்து நின்றது. சித்தி ஏறினாள், பின்னால் போகவில்லை. முன்வரிசை இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள். சித்தப்பா அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, எட்டிச் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். சித்தி உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். தலைக்கு மேலிருந்த நீளக் கண்ணாடியை நேராகப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை.

"இதுதானா? நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

சித்தப்பா கண்ணாடிக்குள் பார்த்தார். நடத்துநர் விசில் ஊதினார். வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து யாரோ, "என்ன அண்ணே, கெளம்பலையா?" என்றார்கள். சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"தலையாட்டினா தரமாட்டேன்" என்றாள் சித்தி.

"இதுதான்" என்றார் சித்தப்பா. வண்டிக்கே கேட்டது. "கொஞ்சம் தழும்பு இருக்கு. ஆனா இதுதான்."

சித்தி சிரித்தாள். கண் இரண்டும் கோடாயின, ஒன்றில் மட்டும் ஒரு கடுகளவு சிவப்பு தெரிந்தது. சித்தப்பா வண்டியை எடுத்தார். சித்தி கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்காமல், மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைத்தெரு தாண்டுவதற்குள் அவள் தூங்கிப்போனாள். இடக் கண்தான் முதலில் மூடியது.